கடைசி இலக்கம்

ரிக்கற் வெட்டியாச்சு, கூட்டிக்கொண்டு போங்கோ
என்றா மிஸி, பக்கத்துக் கட்டிலின் விரிப்பை உதறிக்கொண்டு.
வெள்ளிக்கிழமை. பின்னேரம் நாலரை.
அப்பா சிரித்தார்.
முப்பத்தொரு வருசம் சனத்தின்ர லைனை வெட்டினன்,
இண்டைக்கு எனக்கு.

மீற்றர் பார்க்கிற தர்மகுலசிங்கம்.
ஆனைக்கோட்டையிலிருந்து மானிப்பாய் மட்டும்
நாய்களுக்கெல்லாம் அவரைத் தெரியும்.
ஓட்டோவில் என் தோளில் சாய்ந்தபடி
ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சொல் சொல்லி வந்தார்:
இது ஒழுங்காய்க் கட்டுறவை.
இது கொக்கி போட்டது.
இது பாவம், ரெண்டு மாதம் விட்டனான்.

அதற்கு முதல், வாட்டு வாசலில்
சின்ன டொக்டர் என்னைத் தனியக் கூப்பிட்டு
இனிச் செய்ய ஒன்றுமில்லை என்பதை
மூன்று விதமாய்ச் சொன்னார்.
நான் கேட்டது ஒன்றுதான்:
இரவில நோ கூடினால் ஆருக்கு அடிக்கிறது?
பேனையை மூடினார், திறந்தார்.
திங்கட்கிழமை கிளினிக்குக்கு வாங்கோ.

நடுவில் மூன்று இரவு கிடந்தது.

ஆஸ்பத்திரி வீதியில் ஐந்து பார்மசி ஏறினேன்.
மோர்பின் என்ற சொல்லை வாசித்ததும்
துண்டை மேசையில் வைத்துத் தள்ளிவிட்டார்கள்,
சுடுகிற பாத்திரம் மாதிரி.
இது வெளியில விக்கிறேல்லை, தங்கச்சி.
ஐந்தாவது கடைக்காரர் மட்டும்
துண்டைத் தராமல் கொஞ்சநேரம் பிடித்துக்கொண்டு நின்றார்.
தெல்லிப்பழையில கேட்டுப் பாருங்கோ.
எங்கட அம்மாவுக்கு அங்கதான் எடுத்தது.

சனிக்கிழமை பன்னிரண்டுக்குப் பூட்டுவார்கள்.
நான் போய் இறங்க பதினொன்று ஐம்பது.
கையெழுத்து இருக்கு, சீல் இல்லை.
யன்னலுக்கு இந்தப் பக்கம் நின்று
நான் அழவில்லை. சண்டையும் பிடிக்கவில்லை.
வீட்டில் அப்பா தலையணியைக் கடித்துக்கொண்டு கிடக்கிறார்
என்று மட்டும் சொன்னேன்,
யாரோ ஒருவரின் அப்பாவைப் பற்றிச் சொல்வதுபோல.
உள்ளே இருந்து ஒரு தாதி எழும்பி வந்தா. றெஜினா.
மூன்று இடத்துக்கு அடித்தா. காத்திருந்தா.
சுவர் மணிக்கூட்டை அவ பார்க்கவேயில்லை.

பழுப்புக் கவருக்குள் இருபத்தொரு குளிசை.
காசு கேட்கவில்லை.
கவரின் பின்பக்கத்தில் தன் இலக்கத்தை எழுதி
இரவெண்டாலும் அடியுங்கோ என்றா.
எடுக்காட்டித் திருப்பி அடியுங்கோ.

ஒக்சிசன் மெசின் நாவாந்துறையிலிருந்து வந்தது.
கொண்டுவந்த அன்ரன் வாடகை வேண்டாம் என்றார்.
மெசினின் முதுகில் ஒரு பிளாஸ்ரர்த் துண்டு,
அதில் நீல மையால் பிலோமினா.
நகத்தால் சுரண்டப் போனார். பிறகு விட்டுவிட்டார்.

அப்பாவின் முதல் கேள்வி: எத்தினை வோற்ஸ்?
முந்நூற்றைம்பது.
கண்ணை மூடிக் கணக்குப் பார்த்தார்.
நாளுக்கு எட்டு யூனிற்றுக்கு மேல போகும்.
கடைசிப் படியில கொண்டுபோய் விட்டிடும், பிள்ளை.
இரவில நிப்பாட்டு.
நிப்பாட்டுறன் என்றேன்.
அது இரைந்துகொண்டேயிருந்தது.
அவருக்குக் காது நல்லாய்க் கேட்கும்.
இருவரும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை.

ஞாயிறு இரவு இரண்டு மணி.
அடித்தேன். எடுக்கவில்லை.
திருப்பி அடித்தேன்.
நித்திரைக் குரலில் றெஜினா முதலில் கேட்டது
அப்பாவின் பெயரை.
பிறகு எவ்வளவு கொடுக்க, எப்படிச் சரித்துப் படுக்க வைக்க,
எவ்வளவு நேரம் பார்க்க.
அரைமணித்தியாலம் ஃபோனை வைக்கவில்லை.
அவவின் வீட்டுக் காற்றாடி சுற்றுவது எனக்குக் கேட்டது.

மெல்ல மெல்ல அப்பாவின் விரல்கள்
கட்டில் சட்டத்தை விட்டன.

பிள்ளை, ஒருக்கா மீற்றரைப் பார்.

ரோச்சோடு முன்சுவருக்குப் போனேன்.
கண்ணாடிக்குள் தகடு சுற்றிக்கொண்டிருந்தது,
சிவப்புக் கோடு வந்து, மறைந்து, வந்து.
யன்னலால் வாசித்தேன்: நாலு, ஒன்று, சைபர், ஏழு, இரண்டு.
சின்ன வயதில் அவரோடு சைக்கிளில் போகையில்
சிவப்புக் கட்டத்துக்குள் இருக்கும் கடைசி இலக்கத்தை
விடச் சொல்லித் தந்தவர்.
பத்திலொன்று, அதுக்கு ஒருத்தரும் காசு கட்டுறேல்லை.

உள்ளே கொஞ்சநேரம் மெசின் மட்டும்.
பிறகு அவர் குரல்:
இண்டைக்கு அதையும் சொல்லு.